உச்சிமாகாளிக்கு நான் எழுதிய கடிதம்

ஆகஸ்ட் 9

வைதேகி அக்கா தினமும் ஒரு பக்கமாவது எழுதச் சொல்லியிருக்கிறார். அமெரிக்கக் காலேஜ்கள் மார்க்கை மட்டும் பார்ப்பதில்லையாம். நம் வாழ்க்கையை ஒரு கட்டுரையாகக் கேட்பார்களாம். எழுதி எழுதிப் பார்த்தால்தான் அது அகப்படுமாம். ஆகவே தொடங்கிவிட்டேன். என் பெயர் ஜெபமலர். பிளஸ் டூ. ஊர் தூத்துக்குடி. அப்பா ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் கிளார்க். அம்மா வீட்டில் ஜாக்கெட் தைக்கிறாள். அவ்வளவுதான், வாழ்க்கை முடிந்துவிட்டது. பாதிப் பக்கம்கூட நிரம்பவில்லை.

வைதேகி அக்கா முழு உதவித்தொகையில் அமெரிக்காவில் படித்தவர். இப்போது பெங்களூரில் வேலை. சனிக்கிழமைதோறும் எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு ஜூமில் இலவசமாக வகுப்பு எடுக்கிறார். எங்கள் பள்ளியிலிருந்து இரண்டு பேர். நான் ஒருத்தி, உச்சிமாகாளி ஒருத்தி. ஆறாம் வகுப்பிலிருந்து இருவரும் ஒரே பெஞ்ச். அவளிடம் லேப்டாப் இல்லை. அப்பா ஆபீஸில் கழித்துவிட்ட லேப்டாப் என்னிடம் இருக்கிறது. அதனால் அவள் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். திரையில் பாதி முகம் நான், பாதி முகம் அவள்.

இன்றைய பாடம் பணம். வருடத்துக்கு எழுபது லட்சத்துக்கு மேல் ஆகுமாம். வெளிநாட்டுப் பிள்ளை பணம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒன்றாகவே பார்க்கும் காலேஜ்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் நூறு பேருக்கு மூன்று பேரை எடுத்தால் பெரிது. மற்றவை பணம் என்றதும் யோசிக்கும். ஆனால் எடுத்துக்கொண்டால் தேவை முழுவதையும் கொடுத்துவிடும் காலேஜ்கள் சில உண்டு. அந்தச் சிலவற்றைத் தேடிப் பிடிப்பதில்தான் சாமர்த்தியம் என்றார் அக்கா.

ஆகஸ்ட் 14

பிடித்துவிட்டேன்! நான்கு நாளாகத் தேடி நாற்பது காலேஜ்களை ஒரு நோட்டில் எழுதி, எது எத்தனை வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பணம் கொடுக்கிறது என்று பக்கத்தில் குறித்தேன். அமெரிக்காவில் மெயின் என்ற மாநிலத்தில் ஒரு சின்னக் காலேஜ். கடல் பக்கத்திலேயே இருக்கிறது. இங்கே யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அதனால்தான் பிடித்தது. பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் கண்பட்டுவிடும்.

அம்மாவுக்கு முப்பது ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக் கொடுத்தேன். விரலெல்லாம் குத்து.

ஆகஸ்ட் 16

வகுப்பு முடிந்ததும் உச்சி நோட்டைப் பார்த்துவிட்டாள்.

"ஏட்டி ஜெபா, அந்த நோட்ட ரெண்டு நாளு தாட்டி. நான் எழுதிட்டுத் தாரேன்."

நான்கு நாள் உழைப்பு. இன்னும் எண்ணிக்கை சரிபார்க்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா மெஷினில் இருந்தபடியே, "குடேம்ட்டி, என்ன யோசிக்க? பிள்ள கேக்கால்லா" என்றாள். சிரித்துக்கொண்டே கொடுத்தேன். "எவ்வளவு அழகா எழுதியிருக்கட்டி" என்று அவள் அதைத் துப்பட்டாவுக்குள் வைத்து எடுத்துப் போனாள். மெயின் காலேஜ் இருந்த பக்கத்தையாவது கிழித்துவைத்திருக்கலாம்.

ஆகஸ்ட் 30

கட்டுரையை வாசித்துக் காட்டும் நாள்.

நான் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் பெயர்களை எழுதிவைக்கும் பழக்கத்தைப் பற்றி எழுதியிருந்தேன். "நல்லாயிருக்கு ஜெபா, இன்னும் கொஞ்சம் உள்ள போகணும்" என்றார் அக்கா. உள்ளே போக என்ன இருக்கிறது? கப்பலா எங்களுடையது?

பிறகு உச்சி வாசித்தாள். அவள் அப்பா அம்மா இருவரும் உப்பளத்தில் வேலை. லீவு நாட்களில் இவளும் போவாள். பாத்தியில் வெயில் பட்டுத் திரும்பி அம்மாவின் கண் எப்படிக் கூசிப்போனது, கடல் தண்ணீரின் அடர்த்தி எத்தனை டிகிரிக்கு வந்தால் உப்பு பூக்கும் என்பதை அப்பா நாக்கில் வைத்தே எப்படிச் சொல்லிவிடுவார், அதை இவள் கருவி வைத்துச் சரிபார்த்து எப்படித் தோற்றாள் என்றெல்லாம் எழுதியிருந்தாள். திரையில் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

நாங்களும் ஏழைதான். வாடகை வீடு, மாதக் கடைசியில் கடையில் சொல்லி வாங்குவது எல்லாம் உண்டு. ஆனால் பார்த்தால் தெரிகிற ஏழை இல்லை. அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் ஆபீஸ் போகிறார். அமெரிக்காக்காரனுக்கு இதை எப்படி விளக்குவது? அவளுக்கு உப்பளம் இருக்கிறது. எனக்கு ஒன்றுமில்லை. இப்படி எழுதுவது பாவம் என்று தெரியும். எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 13

முன்கூட்டியே விண்ணப்பிக்கும் சுற்று ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு காலேஜுக்குத்தான் போடலாம். எடுத்தால் கட்டாயம் அங்கேதான் போக வேண்டும். எடுக்க வாய்ப்பு கொஞ்சம் அதிகம். "நீங்க எது?" என்று அக்கா கேட்டார். நான் மெயின் காலேஜின் பெயரைச் சொன்னேன். உச்சியும் அதையே சொன்னாள்.

என் நோட்டில் முப்பத்தொன்றாம் பக்கம்.

அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார். ஒரே ஊர், ஒரே பள்ளி, இருவருக்கும் முழுப் பணம் வேண்டும். சின்னக் காலேஜ் இருவரையும் எடுப்பது கஷ்டம். யாராவது ஒருவர் மாற்றினால் நல்லது.

தெருமுனை வரை அவளை அனுப்பப் போனேன். "ஒனக்குச் சங்கடமா இருந்தா சொல்லுட்டி, நான் வேற போட்டுக்கிடுதேன்" என்றாள்.

"எனக்கென்னட்டி சங்கடம்? காலேஜ் என்ன எங்க அப்பா கட்டினதா? போடு" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். ஏன் அப்படிச் சொல்லித் தொலைத்தேன் என்று வீடு வரும்வரை என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 14

கோயிலில் ஞாயிறு ஆராதனை. பிரசங்கம் பிறன் பொருளை இச்சியாதிருப்பது பற்றி. அந்தக் காலேஜ் யார் பொருள் என்று முதலில் சொல்லட்டும்.

அக்டோபர் 6

ஆசிரியர் ஒருவர் எங்களைப் பற்றிக் கடிதம் எழுத வேண்டும். பிசிக்ஸ் பால்துரை சாரிடம் இருவரும் போய் நின்றோம்.

"எம்மா, எனக்கு இங்கிலீஷ்ல ஒரு பக்கம் எழுதணும்னா ஒரு வாரம் ஆவும். நீங்களே எழுதிட்டு வாங்க, கையெழுத்துப் போட்டுருதேன்."

இதில் எனக்கு ஆச்சரியமில்லை. நன்னடத்தைச் சான்றிதழிலிருந்து எல்லாமே இங்கே நாமே டைப் அடித்துக்கொண்டு போய் நீட்டுவதுதான். ஆனால் சார் ஒரு நிமிடம் யோசித்தார்.

"தன்னப் பத்தித் தானே எழுதினா நல்லாருக்காது. ஒண்ணு செய்ங்க. நீ அவளுக்கு எழுது, அவ ஒனக்கு எழுதட்டும். ஒருத்தி எழுதினத இன்னொருத்தி பாக்கப்புடாது. நேரா எங்கிட்டக் குடுத்துருங்க."

உச்சிக்கு ஒரே சந்தோஷம். "நீதான் கிளாஸ்லயே நல்லா இங்கிலீஷ் எழுதுவ. எனக்கு அதிர்ஷ்டம்ட்டி" என்றாள்.

வைதேகி அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

அக்டோபர் 8

எழுதிவிட்டேன். கடின உழைப்பாளி. நேரம் தவறாதவள். பெரியவர்களிடம் பணிவு. எதிர்த்துப் பேச மாட்டாள். வீட்டுப்பாடம் ஒருநாளும் தவறியதில்லை. எல்லோரிடமும் இனிமையாகப் பழகுவாள். ஒரு பொய்கூட இல்லை. எங்கள் தலைமை ஆசிரியை படித்தால் அழுதுவிடுவார்.

போன மாதம் அக்கா ஒரு மாதிரிக் கடிதத்தைக் காட்டினார். கடின உழைப்பாளி, பணிவானவள் என்றே போகும். "இத வாசிச்சா அங்க கொட்டாவி விட்டுட்டு அடுத்த ஃபைலுக்குப் போயிடுவாங்க. அந்தப் பிள்ளைய மட்டும் காட்டுற ஒரு சம்பவமாவது இருக்கணும்" என்றார். அன்றைக்கு உச்சி வரவில்லை, உப்பளத்தில் ஆள் குறைவென்று போய்விட்டாள். அது எனக்கு நினைவிருக்கிறது. நினைவிருந்தால் என்ன? எனக்குத் தெரிந்ததைத்தான் நான் எழுத முடியும்.

அக்டோபர் 9

இடம் போதாமல் விட்டவை: பத்தாம் வகுப்பில் லேபில் இருந்த அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் குழாய் தப்பாகக் காட்டுகிறது என்று உச்சி எழுந்து சொன்னது. நாங்கள் எல்லோரும் சிரித்தது. மறுநாள் அவள் அப்பாவின் உப்பளக் குழாயையும் ஒரு கேன் பாத்தித் தண்ணீரையும் பஸ்ஸில் கொண்டுவந்து சார் முன்னால் வைத்து நிரூபித்தது. மூன்று வருடமாக எல்லாப் பிள்ளைகளும் அந்தத் தப்பான கணக்கையே ரெக்கார்டில் எழுதியிருந்தது. சார் புதுக் குழாய் வாங்கியது. பிறகு, பெயிலாகும் நிலையில் இருந்த ஐந்து பேரை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்காரவைத்து அவள் கணக்கு சொல்லிக்கொடுத்தது. ஐந்து பேரும் பாஸ். ஆறாவதாக உட்கார்ந்தவள் நான். எனக்கு அந்த வருடம் கணக்கு வரவில்லை.

கடிதம் முக்கால் பக்கத்தில் முடிந்திருந்தது. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஒரு பக்கமாக்கிவிட்டேன்.

அக்டோபர் 13

சாரிடம் கொடுத்தாயிற்று. உச்சி கொடுத்த கவர் தடிமனாக இருந்தது. என்ன எழுதியிருப்பாள்? அவளுடைய இங்கிலீஷுக்கு அத்தனை பக்கமா?

அக்டோபர் 25

உதவித்தொகைப் படிவம். கார் எத்தனை? இரண்டாவது வீடு உண்டா? கோடை விடுமுறைச் செலவு எவ்வளவு? அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இவனுவ என்ன, நம்மள வெச்சு விளையாடுதானுவளா?" என்றார். உச்சிக்கு எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம். பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டாள். எங்களுக்கு அப்பாவின் பி.எஃப்., அம்மாவின் சங்கிலி என்று ஒரு மணி நேரம். அவளுடைய பூஜ்யங்களைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்கு ஏதோ ஆகிவிட்டது.

நவம்பர் 1

இருவரும் அனுப்பிவிட்டோம். அம்மா இருவருக்கும் கேசரி கொடுத்தாள். உச்சிக்கு ஒரு கரண்டி அதிகம்.

நவம்பர் 22

அவளும் என்னை மாதிரியே எழுதியிருந்தால்? இந்த யோசனை இத்தனை நாள் வராமல் இருந்ததே பெரிய விஷயம். அவளுக்கு மட்டும் ஆசை இல்லையா? பஸ்ஸில் மெதுவாக, "என்னப் பத்தி என்னட்டி எழுதின?" என்று கேட்டேன். "சார் சொல்லப்புடாதுன்னுல்லா சொன்னாரு" என்று சிரித்தாள். நன்றாக எழுதியிருந்தால் சொல்லியிருப்பாள். நிச்சயம் குழி பறித்திருக்கிறாள். உப்பளத்துக்காரிக்கு உள்ளுக்குள் எத்தனை தந்திரம்!

டிசம்பர் 13

விடிந்ததும் போனைத் திறந்தேன். எடுத்துக்கொண்டார்கள். பணம் முழுவதும், விமான டிக்கெட் உட்பட. அம்மா பல்விளக்கிக்கொண்டிருந்த அப்பாவைப் பிடித்து உலுக்கினாள். முழங்கால் போட்டு ஜெபம் செய்தோம்.

எட்டு மணிக்கு உச்சி போன் செய்தாள். அவளுக்குக் கிடைக்கவில்லை. "ஒனக்கு?" என்றாள். சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. உடனே, "ஏட்டி! சூப்பர்ட்டி! அம்மாட்ட குடு" என்று கத்தினாள். அவள் அழுதிருந்தால் எனக்கு இன்னும் நன்றாக இருந்திருக்கும். மேலே இருப்பதை அடிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும், நிஜம்தானே.

டிசம்பர் 15

அரையாண்டுத் தேர்வு, கெமிஸ்ட்ரி. சுமார்.

வீட்டுக்கு வந்தால் காலேஜின் சேர்க்கை அதிகாரி ஒருவரிடமிருந்து தனியாக ஒரு மெயில். வாழ்த்து. பிறகு இப்படி: உன் ஆசிரியரின் கடிதம் எங்கள் எல்லோருக்கும் பிடித்தது. நாள் கணக்கில் தேடித் தயாரித்த காலேஜ் பட்டியலை, உன்னோடு போட்டியிடும் தோழி கேட்டவுடன் சிரித்துக்கொண்டே கொடுத்தாய் என்றும், அவளும் இதே காலேஜுக்கு விண்ணப்பித்தபோது தடுக்காமல் தைரியம் சொன்னாய் என்றும் எழுதியிருந்தார். இப்படிப்பட்ட மாணவியைத்தான் நாங்கள் தேடுகிறோம்.

மூன்று தடவை வாசித்தேன். அம்மா கொக்கி தைக்கக் கூப்பிட்டாள். போய்த் தைத்தேன்.

டிசம்பர் 16

அப்படி ஒரு கடிதம் எழுத அவளுக்கு எப்படி மனம் வந்தது? இதிலும் அவள்தான் முன்னால்.

டிசம்பர் 20

சனிக்கிழமை வகுப்பு. எனக்கு வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் உச்சியோடு உட்கார்ந்தேன். ஜனவரி ஒன்றுக்குள் அவள் இன்னும் எட்டுக் காலேஜ்களுக்கு அனுப்ப வேண்டும். "சார் கடிதம் பத்திக் கவலைப்படாத உச்சி. ஒருதடவ ஏத்தினதே எல்லா காலேஜுக்கும் போயிடும்" என்றார் அக்கா.

எட்டுக்கும். கடின உழைப்பாளி, நேரம் தவறாதவள், எதிர்த்துப் பேச மாட்டாள்.

பொதுவாகக் கேட்பதுபோல, ஏற்றியதை மாற்றலாமா என்று கேட்டேன். அழிக்க முடியாது, ஆனால் ஆசிரியர் புதிதாக ஒன்று எழுதி நேரே காலேஜ்களுக்கு மெயிலில் அனுப்பலாம் என்றார். உச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

டிசம்பர் 22

உச்சிக்குத் தெரியாமல் காரியத்தை முடித்துவிடலாம் என்று சார் வீட்டுக்குப் போனேன். புதுக் கடிதம் ஒன்று தருகிறேன், அனுப்பிவிடுங்கள் என்றேன்.

"எதுக்கும்மா இன்னொண்ணு? அது நல்லாத்தான இருந்துச்சு. பணிவு, உழைப்பு, நேரம் தவறாம... என்னப் பத்தி யாராச்சும் அப்படி எழுதினா ஃபிரேம் போட்டு மாட்டுவேன்."

நான் விடாமல் நின்றேன். சார் தலையைச் சொறிந்தார். "அந்த லாகின், பாஸ்வேர்டு எல்லாம் உச்சிமாகாளிட்டல்லா இருக்கு. அன்னைக்கு எங் கண்ணாடி உடஞ்சு போச்சு. ரெண்டு பேரு கடிதத்தையும் எனக்கு வாசிச்சுச் சொல்லிட்டு ஏத்தினது அவதான். எதுனாலும் அவகிட்ட கேளு."

அக்டோபரிலேயே அவள் வாசித்துவிட்டாள். கம்ப்யூட்டரில் தனியாக இருந்திருக்கிறாள். ஒரு வரியை மாற்றினாலும் சாருக்குத் தெரிந்திருக்காது.

டிசம்பர் 23

அவள் வீடு இருக்கும் முத்தையாபுரத்துக்குப் போனேன். உச்சி தெருக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் பின்னால் நான்கு குடம் வரிசையில் நின்றது.

"கடிதத்தப் படிச்சியாட்டி?"

"ஏத்தும்போது படிக்காம எப்பிடி?"

"பொறவு ஏன் ஒண்ணும் கேக்கல? மாத்தியிருக்கலாம்லா?"

"நீ எழுதினத நான் எப்பிடிட்டி மாத்துவேன்?" குடத்தை நகர்த்தி அடுத்ததை வைத்தாள். "நல்லாத்தான் எழுதியிருந்த. ரெண்டு நாளு சங்கடமா இருந்துச்சு. இத்தன வருசம் பக்கத்துல ஒக்காந்திருக்கா, என்னப் பத்தி இவளுக்கு இவ்வளவுதான் தெரியுமான்னு. பொறவு யோசிச்சேன். நானே அவ்வளவுதான் போலுக்குன்னு விட்டுட்டேன்."

எனக்கு ஒரு வழி திறந்தே இருந்தது. ஆமாம், எனக்கு எழுத வரவில்லை, மன்னித்துவிடு, புதிதாக எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். அதுதான் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் தன்னை அவ்வளவுதான் என்று அவள் நினைத்துக்கொண்டே மற்ற எட்டுக்கும் அனுப்பப் போகிறாள்.

"தெரியாம எழுதலட்டி. அந்தக் குழாய் விஷயம், கணக்கு சொல்லிக்குடுத்தது, எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் விட்டேன். வெறும் பணிவு, உழைப்புன்னு எழுதினா எடுக்க மாட்டாங்கன்னு அக்கா சொல்லியிருந்தாங்க."

குடம் நிரம்பி வழிந்தது. அவள் குழாயை மூடவில்லை. பின்னால் நின்ற அக்கா ஒருத்தி வந்து மூடினாள்.

"எதுக்கு?"

"பொறாமை."

உச்சி என்னை ஒரு பெரிய கணக்கைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "சீட்டு கெடச்சிருச்சுன்னுதான இப்ப வந்து சொல்லுத?"

"ஆமா" என்றேன்.

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "போயி லேப்டாப்ப எடுத்துட்டு வா. எங்க வீட்டுல ஒக்காந்து எழுது. எம் முன்னால எழுது."

டிசம்பர் 24

நேற்று உச்சி வீட்டில் கடிதம் எழுதியதைப் பற்றி இன்று எழுதுகிறேன். நான்கு மணி நேரம். அவள் அடுப்பில் சோறு வைத்தாள், துணி துவைத்தாள். ஒவ்வொரு பத்தியையும் சத்தமாக வாசிக்கச் சொன்னாள். தகவலை மட்டும் திருத்தினாள். "மூணு வருசம் இல்ல, நாலு வருசம் அந்தக் குழாய் தப்பாக் காட்டிச்சு." ஐந்து பேர் என்று எழுதியிருந்த இடத்தில், "ஆறு" என்றாள். ஆறு என்று மாற்றினேன்.

பள்ளிக்கூடத்தில் எவ்வளவோ எழுதியிருக்கிறேன். இப்படி எதையும் எழுதியதில்லை. எழுத எழுத எனக்கு இன்னும் பொறாமையாக இருந்தது. இந்த மாதிரி ஒருத்தி இருந்தால் யாருக்குத்தான் இருக்காது? அந்தப் பொறாமையை அப்படியே இறக்கினேன். சம்பவங்கள் தாமாகவே வந்து உட்கார்ந்தன.

சார் மெயில் அனுப்பிவிட்டார். சாயங்காலம் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கீத பவனிக்குப் போனேன்.

ஜனவரி 3

உச்சி எட்டுக்கும் அனுப்பிவிட்டாள். அக்கா சொல்லித்தான் தெரிந்தது. வகுப்புக்கு இப்போது எங்கள் வீட்டுக்கு வருவதில்லை, பள்ளிக் கம்ப்யூட்டர் அறைக்குப் போய்விடுகிறாள். பெஞ்சில் பேசுகிறாள், அளவாக.

பிப்ரவரி 18

பாஸ்போர்ட் வந்தது. போட்டோவில் திருடி மாதிரி இருக்கிறேன்.

மார்ச் 30

உச்சிக்குக் கிடைத்துவிட்டது. விரல்விட்டு எண்ணும் அந்தக் காலேஜ்களில் ஒன்று. முழுப் பணம். அதன் பெயர் என் அம்மாவுக்குக்கூடத் தெரியும். பால்காரருக்குத் தெரியும்.

இன்று இருவரையும் பள்ளிக்கு அழைத்துச் சால்வை போட்டார்கள். முதலில் நான். தலைமை ஆசிரியை மெயின் காலேஜின் பெயரைத் தப்பாகப் படித்தார். பிள்ளைகள் மரியாதைக்குத் தட்டினார்கள். அடுத்து உச்சி. பெயரைச் சொன்னதுமே மைதானம் முழுக்க விசில். பால்துரை சார் மைக்கைப் பிடித்து, தாம் எழுதிய கடிதத்தைத் தமிழில் சொல்கிறேன் என்று தொடங்கினார். கண்ணாடிக் குழாய், பாத்தித் தண்ணீர், பஸ் பயணம், ஆறு பிள்ளைகள் எல்லாம் வந்தன. முன்வரிசை டீச்சர்கள் கண்ணைத் துடைத்தார்கள். கடைசியில் அவரும் துடைத்தார். அவர் எழுதியதே என்று அவர் நம்பிவிட்டார்.

உச்சி மேடையிலிருந்து என்னைத் தேடிப் பார்த்தாள். டிசம்பருக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள், நானும் கை சிவக்கத் தட்டினேன். கொஞ்சம் மோசமாக எழுதியிருக்கலாம் என்று அப்போதும் தோன்றியது.